ரிசார்ட்டில் தங்கியவர்கள் எழுதுவதும் எழுதாததும்

எங்கள் ஊர் பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரம். மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் முழுக்க மலைதான். அப்பாவுக்கு 70 முடிந்தபோது, "திருக்கடையூர் போய் பீமரத சாந்தி பண்ணிட்டு வரலாமாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது கிடக்கட்டும். பொறந்ததுலருந்து இந்த மலையைக் கீழ இருந்தே பாத்துக்கிட்டு இருக்கேன். மேல ஒரு ராத்திரி தங்குனதில்ல" என்றார். வேலையாகக் கொடைக்கானல் போவார், சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார். அவ்வளவுதான்.

சரி, தங்குறதுன்னா நல்ல இடமா தங்குவோம் என்று முடிவு செய்தேன். ஒரு சொகுசு ரிசார்ட்டின் வாடகையைப் பார்த்தேன். இரண்டு ராத்திரிக்கு ஆகும் பணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத மளிகை வாங்கலாம். அவ்வளவு பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். இரண்டு வாரம், ராத்திரி ராத்திரியாகப் படித்தேன்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஒரே ரிசார்ட், ஒரே மாசம், ஒரே வகை அறை. ஒருத்தர் "சொர்க்கம்" என்கிறார். இன்னொருத்தர் "பணம் தண்டம்" என்கிறார். இருவருமே பொய் சொல்வதாகத் தெரியவில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இது பழக்கமான தொந்தரவு. ஒரே கேள்விக்கு இரண்டு சர்வர் இரண்டு பதில் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதைத்தான். அப்படித் தோண்டியதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

எந்த நட்சத்திரம்?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ஐந்து நட்சத்திர ஹோட்டல்" என்பதும், இணையத்தில் ஒரு ஹோட்டலுக்கு மக்கள் போடும் ஐந்து நட்சத்திரமும் வேறு வேறு.

முதல் வகையைக் கொடுப்பது மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம். ஹோட்டல் தானாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு நேரில் வந்து அறையின் அளவு, குளியலறை, சமையலறை, தீயணைப்பு வசதி, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்கும். பழைய அரண்மனை, பங்களாக்களை ஹோட்டலாக மாற்றினால் அதற்குப் 'பாரம்பரிய ஹோட்டல்' என்று தனி வகையும் உண்டு. மொத்தத்தில் இது வசதிகளின் கணக்கு.

வரித்துறைக்கு இந்த நட்சத்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அவர்களைப் பொறுத்தவரை சொகுசு அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது வகை நட்சத்திரத்தைக் கொடுப்பவர் தங்கிவிட்டு வந்த மனிதர். அவரிடம் பட்டியல் எதுவும் கிடையாது. அப்படியானால் அவர் எதை வைத்து மார்க் போடுகிறார்?

ஒரு கழித்தல் கணக்கு

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் பதிலைச் சொன்ன மூவரில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்தவர். பெயர் ஏ. பரசுராமன். அமெரிக்காவில் வலேரி ஸைதாம்ல், லியோனார்ட் பெர்ரி ஆகிய இருவருடன் சேர்ந்து 1985-ல் ஒரு கட்டுரையும், 1988-ல் 'செர்வ்குவால்' என்ற 22 கேள்விகள் கொண்ட அளவுகோலையும் வெளியிட்டார்.

அதன் சாரம் ஒரு கழித்தல். சேவையின் தரம் என்று வாடிக்கையாளர் சொல்வது, அவருக்குக் கிடைத்ததிலிருந்து அவர் எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் மீதி.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, இல்லீங்களா? ஆனால் இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு வருகிறது. பழனி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் தைப்பூச நேரத்தில் அறை எடுக்கிறீர்கள். மின்விசிறி சுற்றுகிறது, தண்ணீர் வருகிறது, விரிப்பு சுத்தமாக இருக்கிறது. நான்கு நட்சத்திரம் போடுவீர்கள். எதிர்பார்ப்பு அவ்வளவு குறைவு. அதே நீங்கள் ஒரு ராத்திரிக்கு இருபதாயிரம் கட்டிய இடத்தில் மின்விசிறி, தண்ணீர், விரிப்பு மூன்றும் கணக்கிலேயே வராது. காலையில் கேட்ட காபி இருபது நிமிடம் தாமதமானால் அது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

அதனால்தான் விலை ஏற ஏற ரிவ்யூவில் புகார்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. ஆனால் கோபம் சின்னதாவதில்லை. சொகுசு ரிசார்ட் தன் விளம்பரத்தில் காட்டும் ஒவ்வொரு அழகான படமும் கழிக்கப்பட வேண்டிய எண்ணை ஏற்றிவிடுகிறது. மேகத்துக்கு மேலே படுக்கை போட்ட மாதிரி படம் பார்த்துவிட்டு வந்தவர், மூன்று நாளும் பனிமூட்டத்தில் பக்கத்துக் குடில்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதுவார்?

அந்த மூவரும் சேவைத் தரத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்கள்: கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னதைச் சொன்னபடி செய்வது, கூப்பிட்டால் உடனே வருவது, நம்பிக்கை தரும்படி நடந்துகொள்வது, நம் நிலையைப் புரிந்துகொள்வது. நான் படித்த ரிவ்யூக்களை ஒரு தாளில் இந்த ஐந்து தலைப்பில் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தேன். கட்டடம், தோட்டம், நீச்சல் குளம் எல்லாம் புகழ்ச்சியில் இருந்தன. கடைசி மூன்றும் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. அதாவது பணம் கட்ட வைப்பது கட்டடம். திட்ட வைப்பதும் உருக வைப்பதும் ஆட்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நினைவு கூட்டல் போடுவதில்லை

மூன்று நாள் தங்கியவர் மூன்று நாளையும் கூட்டிச் சராசரி எடுத்து எழுதுவதில்லை. டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல உதாரணம்.

14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீரை ஒரு டிகிரி மட்டும் மெல்லச் சூடாக்கினார்கள். அப்புறம், "திரும்ப ஒரு தடவை செய்யணும், எதைச் செய்யறீங்க?" என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் 90 விநாடிச் சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் சுகமாக இருந்தது. நினைவு கால அளவைக் கணக்கில் எடுக்கவில்லை. உச்சத்தையும் கடைசியையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

நல்ல ரிசார்ட்டுகளுக்கு இது பாடமாகவே தெரியும். கிளம்பும்போது கையில் ஒரு சாக்லேட் பொட்டலம், காரின் கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பது, வாசல் வரை வந்து பெயர் சொல்லி வழியனுப்புவது எல்லாம் அந்தக் கடைசி 30 விநாடிக்கான வேலை. தெரியாத இடங்களில் கடைசி அனுபவம் பில். "இந்தத் தண்ணீர் பாட்டில் நாங்க எடுக்கவே இல்லையே" என்று கவுன்டரில் பதினைந்து நிமிடம் வாக்குவாதம். அதற்கு முன்னால் இரண்டு நாள் எவ்வளவு நன்றாகக் கவனித்திருந்தாலும் ரிவ்யூ அந்தக் கவுன்டரில்தான் எழுதப்படும்.

எழுதாமல் போனவர்கள்

அடுத்து, எழுதுகிறவர்கள் யார்? தங்கியவர்களில் பெரும்பாலானோர் எதுவும் எழுதுவதில்லை. "பரவாயில்லை, ஓகே" என்று நினைத்தவருக்கு எழுதத் தோன்றாது. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவரும் எழுதுவார்கள். நான் ஹூ, ஜீ ஜாங், பால் பாவ்லூ என்ற ஆய்வாளர்கள் 2009-ல், இணைய மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால் ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி வருகிறது என்று காட்டினார்கள். ஒரு நட்சத்திரத்தில் சின்ன மேடு, நடுவில் பள்ளம், ஐந்தில் உயரமான கோபுரம். இப்படிப்பட்ட வரைபடத்துக்குச் சராசரி எடுத்தால் வரும் எண், கிட்டத்தட்ட யாருமே சொல்லாத ஒரு எண்.

இடத்துக்கு இடமும் மாறும். ஏர்பிஎன்பி-யில் கிட்டத்தட்ட 95 சதவீத வீடுகளுக்கு நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் இருப்பதாக 2015-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில் டிரிப்அட்வைசர் ஹோட்டல்களின் சராசரி 3.8. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் குறைத்து மார்க் போட மனசு வருவதில்லை, அவரும் நமக்குப் பதிலுக்கு மார்க் போடுவார் என்பது வேறு. ஆகவே 4.6 என்ற எண் ஒரு தளத்தில் பிரமாதம், இன்னொன்றில் சுமார்.

பொய் ரிவ்யூ பற்றியும் ஒரு வார்த்தை. மேஸ்லின், டோவர், ஷெவாலியர் என்ற மூவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. எக்ஸ்பீடியாவில் அங்கே அறை பதிவு செய்தவர் மட்டும்தான் எழுத முடியும். டிரிப்அட்வைசரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே ஹோட்டலுக்கு இரண்டு தளத்திலும் வந்த மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். சிறு முதலாளிகளின் ஹோட்டல்களுக்கு டிரிப்அட்வைசரில் மட்டும் புகழ்ச்சி கூடுதலாக இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல்களுக்கு அங்கே மட்டும் வசவு கூடுதலாக இருந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியாமலே வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தியாவில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்று இணைய ரிவ்யூக்களுக்கே ஒரு தரநிலை கொண்டுவந்தது. எழுதியவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுத வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. நிறுவனங்கள் விருப்பப்பட்டு ஏற்க வேண்டிய தரநிலையாகத்தான் அது வந்தது.

மலையின் குற்றம்

கொடைக்கானல் ரிவ்யூக்களில் எனக்குச் சிரிப்பு வந்த பகுதி இது. "டீ சூடாகவே இல்லை." அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் திறந்த பாத்திரத்தில் ஏறாது. ஊற்றுகிற கோப்பையும் காற்றும் ஜில்லென்று இருப்பதால் கைக்கு வருவதற்குள் ஆறிவிடும். "அறையில் ஈர வாடை", "துணி காயவில்லை", "குடிக்கச் சின்ன பாட்டில் தண்ணீர்கூட வைக்கவில்லை". முதல் இரண்டும் மலை மேகத்தின் வேலை. மூன்றாவது சட்டம்: 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. "வாசலில் இ-பாஸ் கேட்டு இழுத்தடித்தார்கள்" என்று ரிசார்ட்டுக்கு ஒரு நட்சத்திரம் குறைத்தவரும் இருந்தார். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடப்பது அது.

இப்படி மலையையும் சட்டத்தையும் திட்டிய ரிவ்யூக்களைத் தனியாக ஒதுக்கியதும் என் குழப்பத்தில் கணிசமான பகுதி தீர்ந்தது. மே மாதக் கூட்ட நேரத்தில் எழுதியதையும் மற்ற மாதங்களில் எழுதியதையும் பிரித்ததும் இன்னும் கொஞ்சம் தெளிந்தது.

எங்கள் இரண்டு ராத்திரி

அறை போட்டேன். பழனியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கிலோமீட்டர். அம்மாவுக்கு வழியில் இரண்டு முறை வாந்தி. வரவேற்பில் சூடாக ஏதோ மூலிகைச் சாறு கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

நான் படித்த ரிவ்யூக்களில் யாருமே சொல்லாத ஒன்று போன உடனே தெரிந்தது. படிகள். குடில்கள் சரிவில் அடுக்கடுக்காக இருந்தன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் கல்யாணம் ஆன புதிதில் வந்தவர்கள். அவர்கள் காலுக்குப் படி தெரியவில்லை. அம்மாவின் மூட்டுக்குத் தெரிந்தது. கேட்டதும் கீழ்த் தளத்தில் வேறு அறை மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை அறை சுத்தம் செய்ய ஒரு பையன் வந்தான். உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான். அப்பா ஏற்கெனவே போர்வையை மடித்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்து, குப்பையை ஒரு கவரில் கட்டி வாசலில் வைத்திருந்தார். "ஐயா, இது என் வேலைங்க" என்றான். "நான் படுத்த படுக்கையை நீ ஏன் தம்பி மடிக்கணும்?" என்றார் அப்பா. சாப்பிடுமிடத்தில் பரிமாற வந்த பெண்ணிடம் அம்மா, "நீ சாப்ட்டியாம்மா?" என்று மூன்று வேளையும் கேட்டார். முதல் இரண்டு முறை சிரித்தாள். மூன்றாவது முறை, "இனிமேதாம்மா, பதினோரு மணி ஆகும்" என்றாள்.

மூடுபனி விலகின ஒரு காலையில் அப்பா வடக்குப் பக்கம் திரும்பி நின்று, சமவெளியில் பழனி எது, நம்ம ஊர் எது என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய விருந்தினர் அனுபவம் அதுதான். கிளம்பும்போது கொடுத்த படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

பழைய விருந்தினர்கள்

ஊர் திரும்பியதும் கொடைக்கானலுக்கு முதலில் வந்த விருந்தினர்களைப் பற்றிப் படிக்கலாம் என்று தோன்றியது. லெப்டினன்ட் வார்டு 1821-ல் இந்த மலைகளை நில அளவை செய்தார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் மேலே பங்களா கட்டினார்கள். கலெக்டர் வியர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து இன்றைய ஏரியை உண்டாக்கினார். மதுரை நீதிபதியாக இருந்த பெயின்ஸ் 1840களில் கட்டிய பங்களா அப்புறம் கத்தோலிக்கக் குருமார்களின் ஓய்வில்லமாக இருந்து, இன்று தமரா கொடை என்ற சொகுசு ரிசார்ட்டின் பகுதியாக இருக்கிறது.

இவர்கள் எல்லாம் எப்படி மேலே போனார்கள்? மோட்டார் வண்டிக்கு மலைச்சாலை திறந்தது 1914-ல்தான். அதற்கு முன், ரயில் பாதை வந்த பிறகு என்றால், ரயிலில் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் குதிரை, இல்லையென்றால் நாற்காலி அல்லது டோலி. டோலி என்றால் நான்கு பேர் தோளில். சாமான்கள், பியானோ முதற்கொண்டு, தலைச்சுமை.

அந்தக் காலத்தவர் எழுதி வைத்த குறிப்புகளில் மேகம் இருக்கிறது, ரோஜா இருக்கிறது, குளிரின் சுகம் இருக்கிறது, நாற்காலி எவ்வளவு குலுங்கியது என்பதும் இருக்கிறது. நான் படித்த அளவில் தூக்கியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் கீழே, நம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இன்றைய ரிவ்யூவும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு. நாங்கள் காலையில் எழும்போது பாதையில் ஒரு சருகு இல்லை. யார், எத்தனை மணிக்குக் கூட்டினார்கள் என்று தெரியாது. அது தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்த விலை. சொகுசு என்பதை இப்போது எனக்குத் தெரிந்தபடி சொன்னால், வேலை நடந்திருக்கும், நடப்பது மட்டும் கண்ணில் படாது. ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில், சிரிப்பதும் பொறுத்துக்கொள்வதும்கூட உழைப்புதான், சம்பளத்துக்கு விற்கப்படுகிற உழைப்பு என்று காட்டினார். அந்த உழைப்பு வெற்றி பெற்றால் விருந்தினருக்கு அது உழைப்பாகவே தெரியாது.

வித்தியாசம் என்னவென்றால், இன்று பெயர் வருகிறது. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்து எழுதுகிறோம்.

அக்கா பையன் சொன்னது

என் அக்கா பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மலைவாசஸ்தல ரிசார்ட்டில் அறைப் பராமரிப்பில் இருக்கிறான். எந்த ஊர், எந்த ரிசார்ட் என்பது இங்கே வேண்டாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் இந்த ஆராய்ச்சியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டு, "மாமா, எம் பேரும் அதுல இருக்கு" என்றான்.

போனில் காட்டினான். ராத்திரி கூடுதல் கம்பளி கேட்டதற்கு நாற்பது நிமிடம் கழித்து வந்ததாகவும், முகத்தைச் சுளித்ததாகவும், பெயர் போட்டு ஒரு நட்சத்திரம். "அன்னிக்கி ரெண்டு பேரு லீவு மாமா. மூணு பிளாக்குக்கும் நான் ஒருத்தன். மழை. மேல் பிளாக்குல ஒரு பாட்டிக்கு மூச்சு முட்டுதுன்னு டாக்டருக்கு ஆள் அனுப்பிட்டு ஓடியாந்தேன். சுளிச்சேனான்னு தெரியல. குளிர்ல மூஞ்சி அப்படித்தான் இருந்திருக்கும்."

அந்த ரிவ்யூவை மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படித்தார்களாம். அந்த மாத ஊக்கத்தொகை கிடையாது. கீழே நிர்வாகத்தின் பதில் பணிவாக இருந்தது: "சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுத்துள்ளோம்."

பதில் எழுதுவது ஹோட்டலுக்கு லாபம் என்று ஆய்வே இருக்கிறது. ப்ரோசெர்பியோ, ஸெர்வாஸ் இருவரும் 2017-ல் வெளியிட்டது. பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு 12 சதவீதம் அதிக ரிவ்யூக்கள், சராசரியில் 0.12 நட்சத்திர ஏற்றம். முதலில் படித்தபோது அழகான கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. அந்தப் பதிலின் மறுமுனையில் அக்கா பையன் நிற்பது அப்போது தெரியவில்லை.

ஆட்கள் குறைவு என்பது நிர்வாகத்தின் கணக்கு. விருந்தினர் கண்ணுக்குத் தெரிவது கம்பளியோடு நிற்கிற ஒரு முகம். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து வந்த மீதி முழுவதும் அந்த முகத்தின் பெயரில் எழுதப்படுகிறது.

இனி நான் படிக்கும் விதம், எழுதும் விதம்

படிக்கும்போது:

1. ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களை முதலில் படிக்கிறேன். "இது நல்லா இருந்தது, ஆனா அது இல்லை" என்று பிரித்துச் சொல்பவர்கள் அவர்கள்தான்.

2. எந்த மாதம் எழுதியது என்று பார்க்கிறேன். சீசன் கூட்டத்தில் எழுதிய கோபம் நான் போகப்போகும் ஜூலைக்குப் பொருந்தாது.

3. மலை, மழை, சட்டம் பற்றிய புகார்களை ஒதுக்குகிறேன். வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதத்தில் சொன்ன ஒரே குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

4. என்னைப் போன்றவர்கள் எழுதியதைத் தேடுகிறேன். வயதானவர்களோடு போனால் 'படி', 'சக்கர நாற்காலி', 'மூட்டு' என்ற சொற்களைத் தேடினாலே போதும். கிடைக்கவில்லையென்றால் நேரடியாகப் போன் செய்து கேட்டுவிடலாம்.

5. நிர்வாகத்தின் பதிலைப் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஊழியரைக் கைகாட்டும் இடத்தில் நான் அறை போடுவதில்லை.

எழுதும்போது:

1. பாராட்டு என்றால் பெயர் போடுகிறேன். அது அவர்களுக்கு நிஜமாகவே உதவும்.

2. குறை என்றால் நடந்ததை எழுதுகிறேன், ஆளை எழுதுவதில்லை. "கம்பளி வர நாற்பது நிமிடம் ஆனது, ராத்திரியில் ஆட்கள் குறைவாகத் தெரிகிறது" என்றால் அடுத்து வருபவருக்குத் தேவையான தகவல் முழுதும் அதில் இருக்கிறது. நிர்வாகமும் ஒருத்தன் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.

3. அங்கேயே சொல்லித் தீர்க்க முடிவதை அங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் படி விஷயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

உண்மையிலேயே ஒரு ஊழியர் அத்துமீறினால் என்ன செய்வது? அப்போது பெயரோடு நிர்வாகத்துக்கு எழுதுங்கள், தேவைப்பட்டால் போலீசுக்கும் போங்கள். நான் சொல்வது காபி, கம்பளி, துண்டு விவகாரங்களைத்தான்.

கடைசியாக ஒன்று

இதை இத்தனை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. அக்கா பையன் அந்த ரிவ்யூவைக் காட்டிய ராத்திரி, என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில், அலுவலக விஷயமாகத் தங்கிய இடம். இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தேன். காலை உணவு மேஜையில் ஒருத்தர் என் தட்டைச் சாப்பிட்டு முடிக்கும் முன் எடுத்துவிட்டார். நான் அவர் பெயரைப் போட்டு, "அடிப்படைப் பயிற்சியே இல்லை" என்று எழுதியிருந்தேன். கீழே அதே பணிவான பதில். அதே நடவடிக்கை.

எழுதிய அன்று அந்த ரிவ்யூ எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. தகவலாக எழுதியிருக்கிறோம், நாலு பேருக்கு உதவும் என்று.

பெயரை எடுத்துவிட்டுத் திருத்தினேன். "காலை உணவு நேரத்தில் தட்டுகளைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள்" என்று மட்டும் வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்து அதனால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது தெரியும். நிர்வாகத்தின் பதில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு வழியில்லை.